தற்காப்புக்கு 9 மி.மீ. பிஸ்டலா, .38 ரிவால்வரா? உடனே சொல்லுங்கள்

பினாங்கு நகைக்கடை:
வணக்கம். லிட்டில் இந்தியாவில் கடை நடத்துகிறேன். இரவில் அன்றைய வசூலுடன் கார் நிற்கும் இடம் வரை தனியாக நடக்க வேண்டியிருக்கிறது. கைத்துப்பாக்கி வாங்க முடிவு செய்துவிட்டேன். 9 மி.மீ. நல்லதா, .38 நல்லதா?

பட்டர்வொர்த்:
ஐயா, உரிமம் இருக்கிறதா? 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலக் காவல்துறைத் தலைவர் தரும் உரிமம் முதலில் வேண்டும். சட்டவிரோதமாக வைத்திருந்தால், துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் கிடைக்கலாம்.

பழைய உறுப்பினர்:
இதே கேள்வி எத்தனையோ முறை வந்துவிட்டது. பழைய பதில்களை யாரும் படிப்பதில்லை. .38 குண்டின் உண்மையான விட்டம் .357 அங்குலம், அதாவது ஏறத்தாழ 9.1 மி.மீ. ஆகவே விட்டத்தை வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நினைப்பதே அடிப்படை தெரியாததன் அடையாளம்.

செந்தூல்வாசி:
இரண்டும் வேண்டாம், குண்டின் விட்டம் பெரிய .45 வாங்குங்கள். அமெரிக்க இராணுவம் 1911இல் அதைத்தான் தேர்ந்தெடுத்தது.

பழைய உறுப்பினர்:
அதே இராணுவம் 1985இல் 9 மி.மீ.க்கு மாறியதை விட்டுவிட்டீர்களே. 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. வகுத்த சோதனையில், குண்டு உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் வரை செல்ல வேண்டும். இன்றைய நல்ல 9 மி.மீ. தோட்டாக்கள் அதை எட்டுகின்றன.

செந்தூல்வாசி:
நேட்டோ நாடுகளுடன் தோட்டா பொதுவாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இராணுவம் மாறியது; .45இன் வலுவில் குறை கண்டு மாறவில்லை.

ஈப்போ அக்கா:
கேட்டவரை இருவரும் மறந்துவிட்டீர்கள். தம்பி, உங்கள் விரல்களில் வலு எப்படி? பாதுகாவலராக இருந்த என் கணவருக்கு மூட்டுவாதம் வந்த பிறகு, தோட்டாவை ஏற்றுவதற்காகப் பிஸ்டலின் மேற்பாகத்தைப் பின்னுக்கு இழுக்கும்போதெல்லாம், இரும்பில் வெட்டிய வரிகளிலிருந்து விரல்கள் வழுக்கின. சுடும்போது பிடி தளர்ந்தால் அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளவும் கூடும். ரிவால்வரில் தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பெரும்பாலும் 5 அல்லது 6 தோட்டாதான், விசையை அழுத்தவும் அதிக பலம் வேண்டும், எடை குறைந்த சிறிய ரிவால்வராக இருந்தால் உள்ளங்கையை உதைத்துவிடும். துப்பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அத்தனை பணத்துடன் இரவில் தனியாக நடக்காதீர்கள்; துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கு நகைக்கடை:
உரிமத்திற்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. பட்டறையில் வெட்டுப்பட்டதிலிருந்து வலது கட்டைவிரல் முழுதாக மடங்காது என்பதையும் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாளை காவல் நிலையத்தில் விசாரிக்கிறேன். இன்றிரவு மைத்துனர் உடன் வருகிறார். நன்றி அக்கா.