‘செமி ஓப்பன் ஸ்பேஸ்’: வேய்வெளி எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் போன்ற வெப்பமண்டல நகரத்தில் இளையர்களுக்கென ஒரு சமூக மன்றத்தை வடிவமைப்பதற்கான குறிப்பைத் தமிழில் எழுதும்போது, கூரை இருந்து சுவர் இல்லாத பெரிய தளத்தை என்ன பெயரிட்டு அழைப்பது என்ற கேள்வி எழுந்திருக்கிறது. ‘அரைத்திறந்த வெளி’, ‘கூரைவெளி’, ‘மண்டபம்’, ‘அம்பலம்’ ஆகியவை இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. நான் ‘வேய்வெளி’ என்பதை முன்மொழிகிறேன்.

முதலில் அந்த இடத்தின் பணியைப் பார்த்துவிடலாம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.3 பாகை வடக்கே இருப்பதால், நண்பகல் சூரியன் பாதி ஆண்டு வடக்கிலும் பாதி ஆண்டு தெற்கிலுமாகத் தலைக்கு மேலேயே நிற்கிறது. வெயிலின் பெரும்பங்கைக் கூரை வாங்கிக்கொள்ள, காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் வெயில் கிழக்கு, மேற்குச் சுவர்களைத் தாக்குகிறது. ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. காற்று வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் உடல்மேல் பட்டால்தான் சுமார் 3 டிகிரி குறைந்ததுபோன்ற உணர்வு கிடைக்கும். உள்ளே சூடான காற்று மேலெழுந்து வெளியேறும் என்று நம்பி உயரமான கூண்டு கட்டுவதும் இங்கே அதிகம் உதவாது, ஏனெனில் உள் வெப்பத்துக்கும் வெளி வெப்பத்துக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறியது. (சூடான காற்று இப்படி மேலெழுவதை ஆங்கிலத்தில் ‘ஸ்டாக் எஃபெக்ட்’ என்பார்கள், அதை ‘அடுக்கு விளைவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். அங்கே ‘ஸ்டாக்’ என்பது புகைபோக்கி, அடுக்கு அன்று.) ஆகவே குறுக்காக ஓடும் காற்றையே நம்ப வேண்டியிருக்கிறது, அதற்காகவே சுவர் நீக்கப்படுகிறது. இப்படிப் பார்த்தால் சுவரற்ற இந்தத் தளம் கட்டடத்தின் மிச்ச இடம் அன்று, அதன் நடுப்பகுதி. ‘அரைத்திறந்த’ என்னும் அடைமொழி இதைச் சொல்லாமல், எதிலோ பாதி குறைந்திருப்பதுபோல் காட்டுகிறது.

இளையர்களுக்கான கட்டடம் என்பதால் இன்னொரு காரணமும் சேர்கிறது. அவர்கள் பள்ளியும் வேலையும் முடிந்து மாலையில்தான் வருவார்கள். கனத்த கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தைக் கீழே விடத் தொடங்குவதும் அதே நேரத்தில்தான். வெப்பத்தடுப்பு கொண்ட மெல்லிய கூரையே இங்கு பொருந்தும். மேலும், கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு முகப்பு மேசையைக் கடந்து போகத் தயங்கும் பதினாறு வயதுப் பிள்ளை, சுவரில்லாத தளத்துக்குள் தயக்கமின்றி வந்துவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் கீழ்த்தளம் திறந்தே விடப்பட்டதால்தான் அங்கே திருமணமும் துக்கமும் சதுரங்கமும் நடக்கின்றன. முதியோர் குடியிருப்பை உள்ளடக்கிய கம்போங் அட்மிரல்டி என்னும் சிங்கப்பூர்க் கட்டடம், 2018-இல் உலகக் கட்டடக்கலை விழாவின் ஆண்டின் சிறந்த கட்டட விருதைப் பெற்றது. அதன் தரைத்தளச் சதுக்கமும் மேல்மாடிகளையே கூரையாகக் கொண்ட, சுவரற்ற இடம்தான்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். ‘மண்டபம்’ என்று எழுதினால் ஒப்பந்தக்காரர் சுவரும் சன்னலும் குளிரூட்டியும் சேர்த்து விலை சொல்வார். ‘அம்பலம்’ அழகான சொல், பொருளும் மிக நெருங்கி வருகிறது. ஆனால் இன்று அது ஒருபக்கம் தில்லையையும் மறுபக்கம் வெளிப்பட்டுப்போன இரகசியத்தையும் நினைவூட்டுகிறது. ‘மன்றம்’ என்பதே பழந்தமிழில் ஊர்ப் பொதுவிடத்து மரத்தடி வெளியைக் குறித்த சொல்தான், எனினும் சிங்கப்பூரில் அது நிறுவனத்தின் பெயராகிவிட்டது. ‘கூரைவெளி’யில் எனக்கு முதலில் விருப்பமிருந்தது. ஆனால் கூரைத்தோட்டம் என்றால் கூரைக்கு மேலுள்ள தோட்டம் என்று பழகிய வாசகர், கூரைவெளியை மொட்டைமாடி என்றே கொள்வார்.

‘வேய்வெளி’ வினைத்தொகை, வேய்ந்த வெளி, வேய்கின்ற வெளி, வேயும் வெளி என மூன்று காலத்துக்கும் விரியும். வேய்தல் ஓலைக்கும் வைக்கோலுக்கும் மட்டுமே உரியது என்ற மறுப்பு வரக்கூடும். ஓடு வேய்ந்த வீடு என்கிறோம். தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பராந்தகச் சோழன் பொன் வேய்ந்தான் என்கிறோம். எனவே பொருள் எதுவாயினும் மேலே மூடுவதே வேய்தல், உலோகத் தகட்டுக்கும் அது பொருந்தும். வேய்வெளிப் பரப்பு, வேய்வெளித் தூண், வேய்வெளி விளிம்பு என்று தொடர்ந்து ஆள்வதற்கும் தடையில்லை.

ஓரங்களுக்கு உரிய சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே உள்ளன. கூரையின் வெளிநீட்டத்துக்கு ‘இறவாரம்’ போதும். துளையிட்ட செங்கல் சுவருக்குக் ‘காலதர்ச் சுவர்’ என்பேன். கால் என்பது காற்று, அதர் என்பது வழி, ‘மான்கண் காலதர்’ சிலப்பதிகாரத்தில் உள்ளது. ஆனால் காற்று போகும் துளையில் ஓசையும் போகும் என்பதால், முரசுப் பயிற்சி அறைக்குக் காலதர்ச் சுவர் வைத்தால் அண்டை வீட்டார் புகார் கொடுப்பார்கள். அந்த அறையும் ஒலிப்பதிவு அறையும் மூடியே இருக்கட்டும்.

பெயரில்லாமல் நிற்பது ஒன்றுண்டு. கூடைப்பந்தாட்டத் தளத்துக்கு மேலே குறைந்தது 7 மீட்டர் தடையற்ற உயரம் வேண்டும். காற்றோடு வரும் மழை 45 பாகை சாய்ந்தால், இறவாரம் இல்லாத கூரையின் விளிம்பிலிருந்து அதே 7 மீட்டர் உள்ளே வரை தளம் நனையும். மரத்தளம் போடக் கூடாத, வழுக்காத கற்கள் பதிக்க வேண்டிய, நீர் வடியச் சற்றே சரித்துக் கட்ட வேண்டிய இந்தப் பட்டையை வரைபடத்தில் தனியே குறித்தாக வேண்டும். ‘சாரற்பட்டை’ என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான வட்டாரச் சொல் யாருக்கேனும் தெரிந்தால் அருள்கூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.