கை நடுக்கத்தையும் நிலத்தின் ஆழ்நடுக்கத்தையும் ஒரே முறையில் ஆராய முடியுமா?

கேள்வி:
என் தந்தைக்கு நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) உள்ளது. அண்மையில் மருத்துவர் அவர் மணிக்கட்டில் அசைவை அளக்கும் முடுக்கமானியைக் கட்டிப் பதிவெடுத்தபோது, மடியில் ஓய்வாகக் கிடந்த கையின் நிறமாலையில் (எந்த அலைவெண்ணில் எவ்வளவு அசைவு என்று காட்டும் வரைபடத்தில்) 5 ஹெர்ட்ஸ் அருகே ஒரே ஒரு கூர்மையான முகடு தெரிந்தது. நான் நில அதிர்வியல் மாணவி. ஜப்பானில் நிலத்தின் ஆழத்திலிருந்து மெலிதாக நீடித்து வரும் அதிர்வான ஆழ்நடுக்கமும் 1 முதல் 10 ஹெர்ட்ஸ் வரையில்தான் பதிவாகிறது என்பதால், இரண்டுக்கும் ஒரே ஆய்வுமுறை பொருந்துமா என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1:
அலைவெண் ஒத்திருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். 1995ஆம் ஆண்டின் கோபே நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பான் ஆழ்துளைகளில் நிறுவிய ஹை-நெட் என்னும் நில அதிர்வுமானி வலையமைப்பின் பதிவுகளைக் கொண்டு, நில அதிர்வியலாளர் கசுஷிகே ஒபாரா 2002இல் இந்த ஆழ்நடுக்கத்தை அறிவித்தார். இதில் முதன்மை அலை (நிலநடுக்கத்தில் முதலில் வந்துசேரும் அலை) தொடங்கும் இடம் தெளிவாகத் தெரியாது; ஒரு நிலையத்தின் பதிவை மட்டும் பார்ப்பவர், பக்கத்துச் சாலையில் லாரி போன இரைச்சல் என்றே ஒதுக்கிவிடக்கூடும். பல நிலையங்களின் வீச்சு உறைகளை (அதிர்வின் வலிமை கூடிக் குறைவதைக் காட்டும் கோடுகளை) ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஏற்ற இறக்கங்கள் சில நொடிகள் முன்பின்னாக ஒத்து வருவதைக் கண்ட பிறகே, அது ஏறத்தாழ 30 கி.மீ. ஆழத்திலிருந்து வருவது புலப்படும். ஷிகோகு தீவின் ஆழ்நடுக்கம் சின்னஞ்சிறு அதிர்வுகள் நெருக்கமாகக் குவிந்ததே என்று ஷெல்லி, பெரோசா, இடே ஆகிய ஆய்வாளர்கள் 2007இல் காட்டினர். ஆகவே அதில் உங்கள் தந்தையின் பதிவிலுள்ளது போன்ற தனி முகட்டைத் தேடுவது வீண்.

மறுமொழி 2:
கையில் அந்த முகடுதான் முக்கியம். நடுக்குவாதத்தின் ஓய்வுநிலை நடுக்கம் பெரும்பாலும் 4 முதல் 6 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னால், அலைவெண் அதிகம் மாறாமல் வீச்சு மட்டும் கூடுவதைப் பலரிடம் காணலாம். நீட்டிய கையில் எடையைக் கட்டிப் பார்ப்பதும் பயனுள்ள சோதனை. எல்லோருக்கும் இயல்பாக உள்ள நுண்நடுக்கம் கையின் நிறையையும் விறைப்பையும் சார்ந்திருப்பதால் எடை ஏறும்போது அதன் அலைவெண் குறையும். மூளையின் நரம்புச் சுற்றிலிருந்து எழும் நடுக்கத்தில் அவ்வாறு குறையாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் நிலத்தின் ஆழ்நடுக்கத்தில் சீரான தாளமே கிடையாதா?

மறுமொழி 1:
உண்டு, ஆனால் அதை நொடிக்கணக்கில் தேடக் கூடாது. கனடாவின் வான்கூவர் தீவில் ஆழ்நடுக்கமும் புவித்தட்டின் மெதுவான நழுவலும் ஏறத்தாழ 14 மாதங்களுக்கு ஒருமுறை சேர்ந்தே வருவதை ரோஜர்ஸ், டிராகர்ட் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 2003இல் கண்டறிந்தனர். அப்போது ஜிபிஎஸ் நிலையங்கள் வழக்கமான திசைக்கு எதிராகச் சில மில்லிமீட்டர் நகர்கின்றன. அந்தத் தாளத்தைக் காண உங்களுக்குப் பல ஆண்டுகளின் தொடர்பதிவு தேவைப்படும்.