டப் என்று கேட்டால் எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தமா?

வங்சா மாஜு வாத்தி:
நேற்று செந்தூல்காரன் இங்கே எழுதியது இது: "முழங்கை வலிக்குக் காரணம் கழுத்து எலும்பு விலகல். கைரோபிராக்டரிடம், அதாவது முதுகெலும்பு, கழுத்தெலும்பைக் கையால் தள்ளிவிடும் வைத்தியரிடம், போனால் டப் என்று ஒரு சத்தம், எலும்பு இடத்துக்கு வந்துவிடும். கூடவே பிசியோதெரபியும் செய்தால் வலி திரும்பாது." இதற்குக் கைதட்டல் வேறு. எலும்பு என்ன மேசை டிராயரா, தள்ளினால் உள்ளே போக? மூட்டுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. மூட்டை இழுக்கும்போது அழுத்தம் குறைந்து அதில் காற்றுக்குழி உண்டாகிறது. 2015இல் கனடாவில் விரல் மூட்டை இழுத்து எம்.ஆர்.ஐ.யில் படமே பிடித்துவிட்டார்கள். சொடக்கு எடுக்கிறவர்கள் எல்லாம் எலும்பு வைத்தியர்களா?

செந்தூல்காரன்:
வாத்தியாருக்கு வணக்கம். என் மாமா ஜாலான் ஈப்போவில் காலம் முழுக்க ரொட்டி சானாய் வீசியவர். வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. தே தாரிக் குவளையைக்கூடத் தூக்க முடியவில்லை. டாக்டர் ஊசி போட்டார், கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, திரும்ப வந்தது. அப்புறம் பிசியோ, கூடவே கைரோ. கழுத்தில் டப். அன்றைக்கே குவளையைத் தூக்கினார். நான் பக்கத்தில் நின்றேன். உங்கள் கனடாக்காரன் நின்றானா?

வங்சா மாஜு வாத்தி:
மாமா குவளை தூக்கியதை யார் மறுத்தது? எலும்பு நகர்ந்ததா? எக்ஸ்ரே இருக்கிறதா?

செந்தூல்காரன்:
இருக்கிறது. விளக்குப் போட்டுக் காட்டினார்கள். கழுத்து வளைவே இல்லாமல் நேராக இருந்தது.

வங்சா மாஜு வாத்தி:
அது டப்புக்கு முன்னால் எடுத்தது. பின்னால் எடுத்தது எங்கே?

செந்தூல்காரன்:
வலி போன பிறகு எக்ஸ்ரே எதற்கு? சும்மாவா எடுப்பார்கள்?

செராஸ் பிசியோ:
அண்ணன்மாரே, நான் இந்த வேலையில் இருப்பவள், கொஞ்சம் சொல்கிறேன். கழுத்துக்கும் முழங்கைக்கும் தொடர்பு இருக்கலாம். கழுத்தில் எலும்பு 7, நரம்பு 8 ஜோடி. ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவில் வெளியே வரும் நரம்பு அழுந்தினால், வலி கையின் வெளிப்பக்கமாகக் கட்டைவிரல் வரைக்கும் இறங்கும். அதை டென்னிஸ் எல்போ (முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாணில் வரும் வலி) என்று நினைத்து முழங்கையிலேயே தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மாமாவுக்கு இருந்தது எது என்று யாராவது சோதித்தார்களா?

இன்னொன்று. 1996இல் ஆஸ்திரேலியாவில் டென்னிஸ் எல்போ இருந்த 15 பேருக்குக் கழுத்தில் மட்டும் சிகிச்சை செய்து பார்த்தார்கள். முழங்கை வலி உடனே குறைந்தது. ஆனால் அது பிசியோ முறை. கழுத்தை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்துவது, டப் கிடையாது. அடுத்த மாதம் எப்படி இருந்தார்கள் என்று அதில் பார்க்கவில்லை. ஊசி கதையும் புதிதல்ல. 2006இல் பிரிஸ்பேனில் 198 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி ஆறு வாரத்தில் முந்தியது, ஒரு வருஷத்தில் பின்தங்கியது. பிசியோ செய்தவர்கள் ஊசிக்காரர்களைவிட நன்றாக இருந்தார்கள். சும்மா காத்திருந்தவர்களும் வருஷக் கடைசியில் கிட்டத்தட்ட அதே நிலைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு அது கசப்பான செய்திதான்.

செந்தூல்காரன்:
கழுத்தில் செய்தால் முழங்கை வலி குறையும். தங்கச்சியே சொல்லிவிட்டார். நன்றி.

வங்சா மாஜு வாத்தி:
டப் கிடையாது. தங்கச்சியே சொல்லிவிட்டார். நன்றி.

கிள்ளான் பெரியவன்:
இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி? பிரிக்பீல்ட்ஸ் போங்கள். பார்வையற்றவர்கள் பிடித்துவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் கழுத்து, கை எல்லாம் லேசாகிவிடும். எக்ஸ்ரே இல்லை, பேக்கேஜ் இல்லை.

வங்சா மாஜு வாத்தி:
அண்ணே, தசையைப் பிடித்துவிடுவது வேறு, மூட்டுச் சத்தம் வேறு.

கிள்ளான் பெரியவன்:
உங்களுக்கு எல்லாமே வேறுதான். தைப்பூசத்துக்கு பத்துமலை போக வேன் பிடித்தபோதும் "முன்பணம் வேறு, வாடகை வேறு" என்றீர்கள். என் 50 வெள்ளி இன்னும் வரவில்லை.

வங்சா மாஜு வாத்தி:
கடைசி நேரத்தில் வரவில்லை என்றது நீங்கள். வேன்காரர் என்ன உங்கள் மச்சானா, திருப்பித் தர? அதை இங்கே இழுக்காதீர்கள்.

சத்தத்துக்கு வருவோம். இந்த வைத்தியம் பிறந்த கதை தெரியுமா? 1895, அமெரிக்காவில் டேவன்போர்ட் என்ற ஊர். பால்மர் என்பவர் காது கேளாத ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பைத் தள்ளினாராம், காது கேட்டதாம். காது நரம்பு மூளையிலிருந்து நேராகக் காதுக்குப் போகிறது, முதுகுப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அன்றைக்குக் கிளம்பிய புரளிதான் இன்றைக்குச் செந்தூல் வரைக்கும் வந்து நிற்கிறது. நான் முப்பது வருஷம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், டப்புக்குப் பின்னால் எடுத்த எக்ஸ்ரேயைக் காட்டட்டும்.

செந்தூல்காரன்:
1895லேயே நிற்கிறீர்களே சார். இப்போது புக்கிட் ஜாலிலில் ஐ.எம்.யூ. பல்கலைக்கழகத்தில் கைரோவுக்குப் பட்டப்படிப்பே இருக்கிறது. 2016 சட்டத்தில் அரசாங்கமே சேர்த்திருக்கிறது. அரசாங்கத்துக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா?

வங்சா மாஜு வாத்தி:
அது பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம். ஹோமியோபதியும் அதில்தான் இருக்கிறது. பிசியோ வருவது வேறொரு சட்டத்தில்.

சும்மா வந்தேன்:
ரெண்டு சட்டமும் 2016தானே? அப்போ டிரா.

வங்சா மாஜு வாத்தி:
சும்மா வந்தவர் சும்மா இருக்கவும்.

செராஸ் பிசியோ:
ரெண்டையும் சேர்த்துச் செய்யலாமா என்பதுதானே பேச்சு? கழுத்து வலிக்குக் கை வைத்தியம் மட்டும் போதாது, உடற்பயிற்சியும் சேர்ந்தால்தான் பலன் என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். முழங்கைக்கும் பயிற்சி உண்டு: உள்ளங்கை கீழே பார்க்க ஒரு தண்ணீர் போத்தலைப் பிடித்து, மணிக்கட்டை மெதுவாக இறக்குவது. மாமா அதைச் செய்கிறாரா? கழுத்தைத் திருகித் தள்ளுவதில் ரத்தக்குழாய் கிழியும் ஆபத்தும் இருக்கிறது. மிக அரிது, ஆனாலும் சொல்ல வேண்டும். திடீரென்று இதுவரை இல்லாத கழுத்து வலி, தலைசுற்றல், இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறல் என்றால் கைரோவும் வேண்டாம், பிசியோவும் வேண்டாம், நேராக எமர்ஜென்சி.

செந்தூல்காரன்:
பயமுறுத்தாதீர்கள் தங்கச்சி. போத்தல் எல்லாம் மாமாவுக்கு எதற்கு? கைரோ ஆரம்பித்த மாதமே கடையை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் ஜாலியாக இருக்கிறார். ரொட்டி வீசுவதே இல்லை.

செராஸ் பிசியோ:
வீசுவதே இல்லையா? அண்ணே, அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

வங்சா மாஜு வாத்தி:
கடை கதை இருக்கட்டும். எக்ஸ்ரே?

செந்தூல்காரன்:
உங்களுக்கு எக்ஸ்ரே பைத்தியம் பிடித்துவிட்டது. நாளைக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். வீடியோ எடுத்துப் போடுகிறேன், சத்தத்தோடு. கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

சும்மா வந்தேன்:
வலிதான் போய்விட்டதே, நாளைக்கு எதற்கு?

செந்தூல்காரன்:
பேக்கேஜில் இன்னும் பாக்கி இருக்கிறது.

கிள்ளான் பெரியவன்:
எனக்கும்தான் பாக்கி இருக்கிறது. வாத்தியார் பதில் சொல்லவே இல்லை.

வங்சா மாஜு வாத்தி:
வேன்காரர் நம்பரைத் தனியே அனுப்புகிறேன், அவரிடமே கேளுங்கள். செந்தூல்காரரே, வீடியோவில் காற்றுச் சத்தம்தான் கேட்கும், இப்போதே சொல்லிவிட்டேன்.