46 வயதில் டபுள் பேஸுக்கு வாத்தியார் பிடிக்கலாமா?

கோட்டையூரான்:

வணக்கம். ஊர் கோட்டையூர், பிழைப்பு காரைக்குடியில் ஒரு சின்ன அச்சகம். கல்லூரி நாளிலிருந்து மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். முத்துமாரியம்மன் கோயில் மாசி பங்குனித் திருவிழா, கல்யாண வரவேற்பு, ஊர்க் கூட்டம் என்று இந்தப் பக்கம் நான் நிற்காத பந்தல் குறைவு.

சிங்கப்பூரிலிருந்து பெரியப்பா மகன் குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது, வீட்டுச் சாமான் வந்த கன்டெய்னரில் ஒரு டபுள் பேஸும் வந்து இறங்கியது, வயலின் வடிவில் ஆளுயரத்துக்கு நிமிர்த்தி வைத்து வாசிக்கிற வாத்தியம். முக்கால் சைஸ், பிளைவுட் உடம்பு. “பேஸ் வாசிக்கிறவன் நீதானே, தூக்கிக்கிட்டுப் போ” என்று அண்ணன் தள்ளிவிட்டார். எங்க ஆத்தா அதைப் பார்த்ததும் கேட்டது, “இது வயலினுக்கு அப்பச்சியாப்பா?”

பேஸ் கிட்டார், டபுள் பேஸ் இரண்டிலும் நாலு கம்பிக்கும் ஈ, ஏ, டி, ஜி என்று ஒரே டியூனிங் என்பதால் விரலால் மீட்டி வாசிப்பதில் தடையில்லை. பழைய பாட்டுகளுக்கு வாசித்தால் கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆனால் அரை மணி நேரம் தாண்டினால் இடது கட்டை விரலின் அடியில் வலி எடுக்கிறது. ஜி கம்பியில் மேலே போகப் போக சுருதி எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. வில்லைக் கையில் எடுத்தால் வீட்டில் எல்லாரும் இரண்டாங்கட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

மேடையில் பல வருஷம் நின்றவன், இனிமேல் ஒருவர் முன்னால் உட்கார்ந்து அ, ஆ படிக்க வேண்டுமா? வீடியோ பார்த்தே திருத்திக்கொள்ள முடியாதா? வாத்தியார் வேண்டும் என்றால் சென்னைதான் போக வேண்டும், 400 கிலோமீட்டருக்கு மேல். இதைத் தூக்கிக்கொண்டு எந்த ரயிலில் ஏறுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நாலுகம்பி, திருச்சி:

அண்ணே, வாத்தியார் எல்லாம் எதுக்கு? யூடியூப்ல இல்லாத பாடமா. கம்பியை அறைஞ்சு வாசிக்கிற ஸ்லாப்பை நான் அப்படித்தான் பழகினேன். வலி பழகினா போயிடும். முதல்ல போட்டோ போடுங்க, பார்ப்போம்.

பள்ளத்தூர் பேஸ்:

தம்பி, “பழகினா போயிடும்” என்பதை மட்டும் கேட்காதீர்கள். வலியோடு பழகினால் தசைநார் வீங்கி, மாதக் கணக்கில் வாத்தியத்தைச் சாத்தி வைக்கும்படி ஆகும். வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

நான் பக்கத்து ஊர்க்காரிதான். சென்னையில் வங்கி வேலையில் இருந்தபோது, 40 தாண்டிய பிறகு டபுள் பேஸ் எடுத்தேன். இப்போது வேலையை விட்டு ஊரோடு வந்தாயிற்று, பாடம் மட்டும் தொடர்கிறது.

வாத்தியாரைத் தேடுவதற்கு முன்னால் அளக்கிற ஸ்கேலை எடுங்கள். ஃபிங்கர்போர்டு, அதாவது விரல் பதிக்கிற பலகை, முடிகிற இடத்தில் பலகைக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். ஜி கம்பிக்கு 6, 7 மில்லிமீட்டர், ஈ கம்பிக்கு 9, 10 என்றால் வில்லுக்கும் விரலுக்கும் பொதுவாக ஒத்துப்போகும். கன்டெய்னரில் வந்த பேஸ் என்கிறீர்கள், அதைவிட ரொம்ப உயரமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்படி இருந்தால் எந்த மகான் பாடம் எடுத்தாலும் கை வலிக்கத்தான் செய்யும்.

அப்புறம் விரல் கணக்கு. பேஸ் கிட்டாரில் கம்பி நீளம் சுமார் 86 சென்டிமீட்டர், டபுள் பேஸில் 105, 106 வரும். ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) ஒரு விரல் என்று கிட்டாரின் முதல் நாலு ஃப்ரெட்டில் கையை விரித்தால் 13 சென்டிமீட்டர் தேவை. அதையே இங்கே செய்தால் 16. அந்த விரிப்பை கட்டை விரல் நசுக்கிப் பிடித்துச் சமாளிக்கிறது, உங்கள் வலி அங்கேதான் பிறக்கிறது என்பது என் சந்தேகம். அதனால்தான் கீழ்ப் பொசிஷன்களில், அதாவது கை கழுத்தின் தலைப்பக்கம் நிற்கிற இடங்களில், ஆள்காட்டி விரலை ஒன்று என எண்ணி ஒன்று, இரண்டு, நாலு என்றுதான் விரல் வைக்கிறார்கள். மூன்றாம் விரல் நாலாவதுக்குத் துணையாகக் கூடவே விழும். ஒன்றிலிருந்து நாலுக்கு ஒரு முழு ஸ்வரம் (கிட்டாரில் இரண்டு ஃப்ரெட் தூரம்), 11 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். வியன்னாவில் இருந்த ஃபிரான்ஸ் சிமாண்டல் 19ஆம் நூற்றாண்டில் எழுதிய பாட முறை இது, இன்றைக்கும் பாதி உலகம் இதில்தான் ஆரம்பிக்கிறது. அலெப்போவில் பிறந்த ஃபிரான்சுவா ரப்பாத் முழு ஃபிங்கர்போர்டையும் ஆறே பொசிஷனாகப் பிரித்து, கட்டை விரலை ஊன்றிக் கையைத் திருப்புகிற வேறொரு வழி வைத்திருக்கிறார். இரண்டும் நல்ல வழிதான். ஆனால் வீடியோவில் ஒருத்தர் இதைச் சொல்வார், அடுத்தவர் அதைச் சொல்வார். கிட்டார் பழக்கத்தின் மேல் இரண்டையும் கலந்து பூசிக்கொண்டால் கை குழம்பிப் போகும்.

வாத்தியார் எதற்கு என்றால் புதுப் பாட்டு கற்றுக்கொள்வதற்கு இல்லை. உங்களுக்குப் பாட்டு தெரியும், தாளம் தெரியும், மேடை தெரியும். உங்கள் முதுகும் தோளும் என்ன செய்கிறது என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. என் முதல் வகுப்பில் ஒரு மணி நேரமும் வெறும் டி கம்பிதான். திறந்த கம்பி, இடது கைக்கு வேலையே இல்லை. தாளம் தட்டும் மெட்ரோனோம் நிமிஷத்துக்கு 60 தட்டில், எட்டு எண்ணிக்கைக்கு ஒரு வில். நான் இழுத்துக்கொண்டிருக்க, வாத்தியார் பின்னால் வந்து என் வலது தோளில் இரண்டு விரலை வைத்தார். தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறி நிற்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இறக்கினேன். அதே கம்பி, அதே வில், சத்தம் ஒரு மடங்கு பெரிதாக வந்தது. வில்லை அழுத்த வேண்டியதில்லை, கையின் எடையை அதன் மேல் விட்டாலே போதும். இதை எந்த வீடியோவும் என்னைப் பார்த்துச் சொல்லியிருக்காது.

இடது கைக்கும் அவர் ஒரு சோதனை வைத்தார். வாசித்துக்கொண்டே கட்டை விரலைக் கழுத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். ஸ்வரம் செத்துப்போனால் இதுவரை நசுக்கிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். முழங்கையின் எடை பின்னால் இழுத்தால் கட்டை விரல் இல்லாமலும் கம்பி பதியும்.

மேலே போனால் சுருதி தெரியவில்லை என்றீர்களே, கழுத்து உடம்போடு சேருகிற வளைவில் கட்டை விரல் போய் முட்டும் இடத்தைத் தேடுங்கள். அங்கே முதல் விரல் ஜி கம்பியில் டி ஸ்வரத்தில் விழும், சில பேஸில் அதற்கு அரை ஸ்வரம் மேலே ஈ ஃபிளாட். உங்களுடையது எது என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டால் இருட்டிலும் கை அங்கே போகும்.

ரயில் விஷயம். பேஸைத் தூக்காதீர்கள். வாத்தியார் வீட்டில் ஒன்று இருக்கும். வில்லை மட்டும் எடுத்துக்கொண்டு விடியற்காலைப் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் மதியவாக்கில் எழும்பூர். வில்லுக்கு உறை கிடைக்காமல் நான் பிளம்பிங் கடையில் பிவிசி குழாய் வாங்கி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, உள்ளே பழைய துண்டைத் திணித்து வைத்திருக்கிறேன். டிக்கெட் பரிசோதகர் ஒருவர் மீன் தூண்டிலா என்று கேட்டார்.

இடையிடையே ஆன்லைனில் பாடம் போகும், ஆனால் வீடியோ அழைப்புச் செயலி உங்கள் பேஸை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடும். ஜூமில் ஒரிஜினல் சவுண்ட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போடுங்கள். கீழ் ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ்தான், போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது, இரண்டு பக்கமும் ஹெட்போன் வேண்டும். எனக்கு நேரலையைவிட, முழங்கை உயரத்தில் போனை வைத்து இரண்டு நிமிஷம் படம் பிடித்து அனுப்புவதுதான் அதிகம் பயன்படுகிறது. அவர் நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் திட்டுவார்.

வயலின் வாத்தியார்:

பள்ளத்தூர் அம்மா சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு. ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். வாத்தியார் என்றால் டபுள் பேஸ் வாத்தியார்தான் என்று இல்லை. வில் சம்பந்தப்பட்ட பாதி வேலையை உள்ளூரில் ஒரு நல்ல வயலின்காரரிடமே ஆரம்பிக்கலாம். சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு, முதலில் வாயால் பாடி, பிறகு வாசியுங்கள். கிட்டாரிலிருந்து வருகிறவர்கள் ஸ்வரத்தைத் தேடிச் சறுக்கிக்கொண்டு போய், அதற்குக் கமகம் (ஸ்வரத்தை அழகுக்காக அசைப்பது) என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். ஆரம்பப் பாடமான சரளி வரிசையை விளம்ப காலத்தில், அதாவது மெதுவாக, நேராக நிறுத்தி வாசிக்க முடிந்தவருக்குத்தான் கமகம்.

அப்புறம், நிமிர்த்திப் பிடித்து வாசிப்பது காரைக்குடிக்குப் புதிதில்லை. வீணை காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையைச் செங்குத்தாக வைத்துத்தான் வாசிப்பார், தம்பி சாம்பசிவ ஐயர் வழக்கம் போலக் கிடையாக. பழைய புகைப்படங்களில் பார்க்கலாம்.

பள்ளத்தூர் பேஸ்:

பாடி வாசிப்பது சரிதான் சார், நானும் செய்கிறேன். ஆனால் வயலின்காரரிடம் வில் கற்பதில் ஒரு ஆபத்து. வயலினில் வில் ஓடும், இங்கே ஊர வேண்டும். ஈ கம்பி அவ்வளவு தடிமன், வேகமாக இழுத்தால் மேலே வழுக்கிக்கொண்டு போய் வெறும் காற்றுச் சத்தம்தான் மிஞ்சும். தவிர ஜெர்மன் வில்லா பிரெஞ்சு வில்லா என்று பார்க்க வேண்டும். ஜெர்மன் வில் என்றால் உள்ளங்கை பக்கவாட்டில் கீழிருந்து பிடிக்கும், வயலின் பிடிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. தம்பி, உங்களிடம் இருப்பது எது?

கோட்டையூரான்:

ஆச்சி, கடையை அடைத்துவிட்டு வந்து முதல் வேலையாக அளந்தேன். ஜி 11 மில்லிமீட்டர், ஈ 15! வில்லின் அடிக்கட்டை உயரமாக, கைக்குள் அடங்காமல் இருக்கிறது, ஜெர்மன்தான் போல. வில்லுக்குப் பூசும் பிசின், அந்த ரோசின், வயலினுக்கானதைப் பூசித்தான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு சந்தேகம். எங்களுக்குத் தெரிந்த மர ஆசாரி ஒருவர் இருக்கிறார், நிலைக்கதவில் யாளி செதுக்குகிறவர். கம்பிகளைத் தாங்கி நிற்கிற மரப் பிரிட்ஜை அவரிடம் கொடுத்து இழைத்து, கம்பி உயரத்தைக் குறைக்கலாமா? இன்னொன்று, எங்கள் வீட்டுப் பட்டாலையில் தரை ஆத்தங்குடிக் கல். பேஸின் அடியில் தரையில் ஊன்றுகிற எண்ட்பின் வழுக்கிக்கொண்டே போகிறது. ரப்பரைக் கழற்றிக் கூர் முனையை ஊன்றினால் ஆத்தா என்னை வீட்டை விட்டே துரத்திவிடும்.

பள்ளத்தூர் பேஸ்:

11, 15 என்றால் உங்கள் கட்டை விரலைக் குறை சொல்ல மாட்டேன்.

கல்லில் கூர் முனை வேண்டவே வேண்டாம். ஒரு முழப் பலகையில் எண்ட்பின் முனை உட்காருகிற மாதிரி குழி போட்டு, பலகையிலிருந்து ஒரு நாடாவை இழுத்து நீங்கள் உட்காரும் ஸ்டூல் காலில் கட்டிவிடுங்கள். நானும் அப்படித்தான். ஸ்டூல் 28, 30 அங்குல உயரம் இருக்கட்டும், நாற்காலி உதவாது.

ஆசாரிக்கு உளி பிடிக்கக் கற்றுத் தர வேண்டியதில்லை, ஆனால் பிரிட்ஜின் மேல் வளைவைத் தட்டையாக்கிவிடக் கூடாது. தட்டையானால் நடுக் கம்பியைத் தொடும்போது வில் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து உரசும். பழைய வளைவை ஒரு அட்டையில் வரைந்து வைத்துக்கொண்டு, அதே வளைவைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். ஒரேயடியாக வேண்டாம், ஒன்றிரண்டு மில்லிமீட்டராக இறக்கி, மாட்டி, வாசித்துப் பாருங்கள். பிரிட்ஜைக் கழற்றுவதற்கு முன் பேஸை மெத்தையில் படுக்க வைத்துவிடுங்கள். எல்லாக் கம்பியும் தளர்ந்தால் உள்ளே நிற்கிற சவுண்ட் போஸ்ட் என்கிற மரக் குச்சி விழுந்துவிடும், அதை மறுபடி நிறுத்தத் தனிக் கருவியும் பழகின கையும் வேண்டும். பயமாக இருந்தால் ஆசாரியிடம் போகாமல், முதல் பாடத்துக்குப் போகும்போது சென்னையிலேயே ஆள் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரோசின் பேஸுக்கென்றே தனியாக வாங்குங்கள், பிசுபிசுவென்று இருக்கும். ஒரே திசையில் நாலு இழுப்பு போதும். சித்திரை வெயிலில் காருக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், உருகி உறையெல்லாம் ஓடும்.

நாலுகம்பி, திருச்சி:

ஆச்சி, நான் வாயை மூடிக்கிறேன். அண்ணே, பல்லவன் திருச்சி வழியாத்தானே போகுது, போறப்ப சொல்லுங்க, பாடத்துக்கு நானும் வரேன். இன்னும் போட்டோ போடலையே?