கதாபாத்திரங்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்: என்ன செய்வது?

உப்புக்காற்று:
வணக்கம். இதுவரை ஐந்து சிறுகதைகள் எழுதியிருக்கிறேன். கடைசிக் கதை, தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரும் ஒரு தாயையும் கல்லூரியில் படிக்கும் அவளுடைய மகளையும் பற்றியது. அதைப் படித்த நண்பர், இருவரும் என்னைப் போலவே பேசுகிறார்கள் என்றார். உரையாடலை எழுத்துத் தமிழில் அமைத்தால் மேடை நாடகம் போலிருக்கிறது. பேசுகிறபடியே எழுதினால் மற்ற மாவட்டத்தார் இடறுகிறார்கள். எந்த அளவில் நிறுத்திக்கொள்வது?

பழைய வாசகன்:
ஒலியை அப்படியே எழுத்தில் பிடிக்க முயன்றால், வாசிப்பவர் கதையை விட்டுவிட்டு எழுத்துக்கூட்டத் தொடங்கிவிடுவார். உங்கள் பகுதிப் பேச்சில் தனித்துத் தெரியும் இரண்டு மூன்று கூறுகளை மட்டும் தேர்ந்து, கடைசிவரை மாறாமல் கையாளுங்கள். ‘வருகிறார்கள்’ என்பது உங்கள் பக்கம் ‘வாராவ’ என்றும், இராமநாதபுரத்துப் பக்கம் ‘வாராக’ என்றும் ஒலிக்கும். அந்த விகுதியும் ‘ஏட்டி’ என்ற விளியும் இருந்தாலே ஊர் தெரிந்துவிடும். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்தவர். ஆனால் சொற்களைச் சேகரிப்பது வேறு, சேகரித்த அத்தனையையும் ஒரே கதையில் கொட்டுவது வேறு.

ஒற்றைப்பனை:
மேலே சொன்னதில் எனக்கு ஓரளவே உடன்பாடு. தாயும் மகளும் ஒரே வீட்டில் வாழ்பவர்கள். வட்டார வழக்கு அவர்களுடைய ஊரை அடையாளம் காட்டுமே தவிர, ஒருவரிடமிருந்து மற்றவரைப் பிரித்துக் காட்டாது. ஒவ்வொருவரும் எதைச் சொல்லாமல் தவிர்க்கிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மகள் தேர்வுக் கட்டணம் கேட்கும்போது, பணமில்லை என்று சொல்லக் கூசும் தாய் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பாத்தியில் உப்பு விளையாது, கூலியும் இராது என்பது மகளுக்குத் தெரியுமாதலால், பணம் என்ற சொல் வராமலேயே பதில் வந்துவிடுகிறது. ‘என்று வருத்தத்துடன் சொன்னாள்’ போன்ற ஒட்டுகளும் அப்போது தேவைப்படா. (என் தொடக்கக் கதைகளில் எல்லோரும் பெருமூச்சு விட்டபடியேதான் பேசுவார்கள்.)

நாற்சந்தி:
பெயர்களை மறைத்துவிட்டு உரையாடலை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பேசுவது யார் என்று அவர் தயங்கும் இடத்தைத்தான் திருத்த வேண்டும். நீங்களே படித்தால் பயனில்லை. எழுதியவர் காதுக்கு எல்லாம் சரியாகவே கேட்கும்.

உப்புக்காற்று:
மூவருக்கும் நன்றி. கட்டணம் கேட்கும் இடத்தில் தாய்க்கு எழுதியிருந்த ஆறு வரி விளக்கத்தை நீக்கிவிட்டு, “ஏட்டி, வானத்தப் பாத்தியா?” என்ற ஒரு வரியை மட்டும் வைத்திருக்கிறேன். அதற்கு மகள் என்ன சொல்வாள் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.