தோட்டத்து இளைஞர்களோடு நாடகம் போட யோசனை

கொழுந்துமலை:
இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இளைஞர் குழுவோடு வேலை செய்கிறேன். சம்பள நாள் குடி, அதற்குப் பிறகு லயத்துக்குள் (தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள்) நடக்கும் சண்டை, இதைப் பேசக் கூட்டம் வைத்தால் பெண்கள் வாயைத் திறப்பதில்லை, ஆண்கள் வருவதே இல்லை. வீதி நாடகம் சரிவருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மஸ்கெலியாக்காரன்:
தம்பி, குடி கெடுதி என்று புத்தி சொல்கிற நாடகம் என்றால் வேண்டாம், பார்த்து முடித்துக் கைதட்டிவிட்டு நேரே தவறணைக்குத்தான் போவார்கள். பிரேசில்காரர் அகஸ்தோ போவால் 1970களில் வளர்த்தெடுத்த ஒடுக்கப்பட்டோர் அரங்கைப் பாருங்கள். சிக்கல் முற்றுகிற இடத்திலேயே கதையை விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆடுவது, அப்போது பார்ப்பவர் யாராவது "நிறுத்து" என்று எழுந்து வந்து மனைவியின் இடத்தில் நின்று, தான் என்ன செய்திருப்பார் என்று நடித்துக் காட்டுவது. கூட்டத்தில் பேசாத அக்காமார் இதில் பேசுவார்கள். ஆனால் குடிக்கிறவன் பாத்திரத்தை யாரும் மாற்றி ஆட விடாதீர்கள், "இனிமேல் தொடமாட்டேன்" என்று ஒரே வசனத்தில் பிரச்சினையைத் தீர்த்துவிடுவார்கள்!

தப்புச்சத்தம்:
பிரேசில் சரி, மன்மதன்-ரதி கதையை ஆடுகிற நம்ம காமன் கூத்து எங்கே போனது? மாசியில் காமன் ஊன்றிவிட்டால் பார்க்கிறவன், ஆடுகிறவன் என்று பிரிக்கவே முடியாது. மன்மதன் எரிந்தபிறகு ரதி புலம்பும்போது நம்ம பொம்பளைகள் தங்கள் வீட்டுத் துக்கத்தையும் சேர்த்துத்தான் அழுகிறார்கள். அந்தப் புலம்பல் மெட்டிலேயே உங்கள் கதையைப் பாட வையுங்கள். ஆனால் ரதி வேஷமும் ஆம்பிளைதான் கட்டுவது வழக்கம், தப்பு மேளம் அடிக்கிறவர்களைச் சாதி பார்த்து ஒதுக்குவதும் இன்னும் முழுசாகப் போகவில்லை. யாருக்கு எந்த வேஷம் என்பதில்தான் உங்கள் வேலையே ஆரம்பிக்கிறது. ஒத்திகையில் தப்படிக்கிற அண்ணனுக்குத் தேத்தண்ணி எந்தக் கோப்பையில் வருகிறது என்று பாருங்கள், தோட்டம் புரிந்துவிடும்.

மலையருவி:
நான் உளவளத்துணை வேலையில் இருக்கிறேன். மேடையில் புருஷனை எதிர்த்துப் பேசிய அக்கா அன்றிரவே அதே காம்பராவுக்குத்தான் திரும்ப வேண்டும். அதனால் ஒரு வீட்டுக் கதையை அப்படியே எடுக்காதீர்கள், எந்த லயம் என்று அடையாளம் தெரியாதபடி கலந்து செய்யுங்கள். பெண்கள் உதவிக்கு 1938 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மறுநாள் யாராவது தனியாகப் பேச வந்தால், கேட்க ஒரு பெண் பிள்ளை குழுவில் இருக்க வேண்டும்.

கொழுந்துமலை:
ரொம்ப நன்றி. பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்தில்) போடவா, கோயில் முன்னாலா?

மஸ்கெலியாக்காரன்:
களம் என்றால் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் கேட்க வேண்டும், கோயில் என்றால் கமிட்டியிடம். எதுவானாலும் சம்பள நாளில் மட்டும் வைக்காதீர்கள், "நிறுத்து" சொல்ல வருகிறவர்களே தள்ளாடிக்கொண்டுதான் வருவார்கள்.