இரண்டு ஏக்கர், மூன்று பிள்ளைகள்: விவசாய நிலத்தைப் பிரித்து வீடு கட்ட முடியாதா?

லிந்தாங் மாறன்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அறுபதுகளில் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது தாத்தா கூட்டுச் சீட்டுப் பணத்தையும் பாட்டியின் சங்கிலியையும் போட்டு இரண்டு ஏக்கர் ரப்பர் நிலம் வாங்கினார். இப்போது அப்பா பெயரில் இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் தாமான் (வீடமைப்புப் பகுதி) வந்துவிட்டது, எங்கள் பக்கம் இன்னும் ரப்பர் மரம்தான். அண்ணன் ஈப்போவில் ஃபேக்டரி வேலை, வாடகை வீடு. அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். நான் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். அந்தத் தாமானில் வீடு கேட்டால் எங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்து வங்கி கையை விரிக்கிறது. சரி, சொந்த நிலம் இருக்கிறதே, ஆளுக்கொரு சின்ன வீடு போட்டுக்கொள்ளலாம் என்றால், கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், ‘பெர்த்தானியான்’ (விவசாயம்) என்று இருக்கிறது, மூன்றாகப் பிரிக்க முடியாது என்கிறார்கள். ஏன்? வேறு வழி உண்டா?

கம்பார் செல்வா:
பக்கத்து ஊரில் ஒருவர் யாரையும் கேட்காமல் வரிசையாக நாலு வீடு கட்டினார். இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. கேட்டுவிட்டுக் கட்டுங்கள் தம்பி.

எல்லைக்கல்:
தம்பி மாறன், நான் நில அளவையாளர் ஒருவரிடம் பல வருடம் உதவியாளாக இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

1965 தேசிய நிலச் சட்டத்தில் நிலத்துக்கு மூன்று வகை: விவசாயம், கட்டடம், தொழில். விவசாய நிலத்தில் உரிமையாளர் குடியிருக்க வீடு கட்டலாம், அதற்கு நிலச் சட்டத்தில் தடையில்லை. பிரிக்கப் போனால்தான் சிக்கல். ஒவ்வொரு துண்டும் ஐந்தில் இரண்டு ஹெக்டருக்குக் குறையக் கூடாது, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர். உங்கள் இரண்டு ஏக்கரில் அதிகபட்சம் இரண்டு கிராண்டுதான் வரும். மூன்றாவது பிள்ளைக்கு இடம் இருந்தாலும் கிராண்டு கிடையாது. மூவர் பெயரையும் ஒரே கிராண்டில் போடலாம். ஆனால் அப்படிப் பங்கு பிரிக்காத நிலத்துக்கு வங்கி லேசில் கடன் தராது.

வகையை மாற்ற அதே சட்டத்தின் 124ஆம் பிரிவில் மனுப் போட வேண்டும். அதற்கு முன்னால் மஜ்லிஸில் (ஊராட்சி மன்றத்தில்) ‘ரன்சாங்கான் தெம்பாத்தான்’ எனும் உள்ளூர்த் திட்ட வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் லாட் (நிலத்துண்டு) அதில் குடியிருப்பு என்று இருந்தால் நம்பிக்கை உண்டு. விவசாயம் என்றே இருந்தால் நில அலுவலகத்தில் எவ்வளவு அலைந்தாலும் கதவு திறப்பது கஷ்டம். அப்புறம் திட்ட அனுமதி, சாலை இணைப்பு, வடிகால், அளவைக் கட்டணம், வகை மாற்றத்துக்காக மாநில அரசுக்குக் கட்டும் பிரீமியம்.

எனக்கு மனம் கொதிப்பது இங்கேதான். மூன்று வீட்டுக்கும் அதே வரைபடம், அதே அணுகு பாதை, அதே காத்திருப்பு. டெவலப்பருக்கு அந்தச் செலவு முந்நூறு வீட்டில் பரவிவிடும், உங்களுக்கு மூன்றின் தலையில் விழும். அதனால் சின்ன நிலக்காரன் மாற்றவே மாட்டான், மொத்தமாக விற்பான். வாங்கியவர் வகையை மாற்றுவார். அதே மண்ணின் விலை எங்கோ போய்விடும்.

வேலை பார்த்த காலத்தில் ஒரு தோட்டத்தில் கல் ஊன்றப் போனோம். கோடு தொழிலாளர் லயத்தின் குசினி வழியாகப் போனது. உள்ளே அம்மா ஒருவர் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். சிவப்புத் தலைக் குச்சியை அடுப்புக்குப் பக்கத்தில் அடித்தோம். “எங்களுக்கும் இதில் வீடு உண்டா தம்பி?” என்று கேட்டார். வரைபடத்தில் அவருக்கு எதுவும் இல்லை. வகை மாறினால் வரும் லாபத்தில் மாநிலத்துக்குப் பிரீமியம் உண்டு, நிலக்காரருக்கு மீதி உண்டு. அங்கேயே பிறந்து வளர்ந்தவருக்குப் பங்கு வேண்டும் என்று விதியில் எழுதாதவரை இது மாறாது.

மீனா, ஆக்லாந்து:
இங்கே 2016இல் நகரத் திட்டத்தை மாற்றி, குடியிருப்புப் பகுதியில் பெரும்பாலான இடங்களில் ஒரு வீட்டு மனையில் இரண்டு மூன்று வீடு கட்ட விட்டார்கள். எங்கள் தெருவிலேயே பழைய பலகை வீடு ஒன்று போய் அதே மனையில் மூன்று வீடு வந்தது. கட்டுவது நன்றாகக் கூடியது. வீடு மலிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், வாடகை ஏறும் வேகம்தான் குறைந்தது. குறைந்தபட்ச மனை அளவைத் தளர்த்தினால் மாறன் மாதிரி குடும்பங்களுக்கு நிச்சயம் வழி பிறக்கும்.

கம்பார் செல்வா:
தளர்த்தினால் போதுமா அக்கா? குடும்பத்தின் மூன்று வருட வருமானத்துக்குள் வீட்டு விலை இருந்தால்தான் கட்டுப்படியாகும் என்பது கணக்கு. கசானா ஆய்வு நிறுவனம் 2014க்குப் போட்ட கணக்கில் மலேசியாவுக்கு 4.4 வருடம். சம்பளம் ஏறாமல் நிலத்தை மட்டும் திறந்துவிட்டால், கையில் பணம் இருப்பவர் இன்னொரு வீடு வாங்குவார். மீதி இருக்கிற தோட்டமும் போகும்.

எல்லைக்கல்:
செல்வா, தோட்டத்தைத் திறந்துவிடச் சொல்லவில்லை. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும். துண்டாடலில் நம் ஆட்கள் தெருவுக்கு வந்த பிறகுதான் அந்த விதி வந்தது, அது இருக்கட்டும். தாமானை ஒட்டிக் கிடக்கும் ஓரிரு ஏக்கர் குடும்ப நிலத்துக்கு மட்டும் குறைந்தபட்சத் துண்டு அளவையும் பிரீமியத்தையும் குறைக்கலாம். உள்ளூர்த் திட்டத்தைத் திருத்தும்போது மக்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கேட்பார்கள். நம் ஆட்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. கோயில் கூட்டத்தில் அறிவிப்பதுபோல இதையும் அறிவியுங்கள்.

லிந்தாங் மாறன்:
ரொம்ப நன்றி ஐயா. திங்கட்கிழமை வரைபடம் பார்க்கப் போகிறேன். இன்னொன்று. எங்கள் நிலத்துக்குப் போகும் மண் பாதை பக்கத்து லாட்டுக்காரர் நிலத்தில் இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து வாய்ச்சொல்தான், எழுத்தில் எதுவும் இல்லை. மனுப் போடுவதற்கு முன்பே அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமா, பிறகு கேட்டால் போதுமா?